புதிதாக எழுத வருகிறவர் எங்கே கடை விரிப்பது? பிரதிலிபி, கிண்டில், சொந்தத் தளம், முகநூல்: ஓர் ஒப்பீடு

ஒரு சிறுகதையை முகநூலில் போட்டால் முதல் நாளே இருநூறு விருப்பக்குறிகள் விழலாம். பத்தாம் நாள் அதை எழுதியவராலேயே தேடி எடுக்க முடியாது. அதே கதையைச் சொந்தத் தளத்தில் போட்டால் முதல் மாதம் முழுக்கப் பதினைந்து பேர்கூட எட்டிப் பார்க்காமல் போகலாம். ஆனால் மூன்று வருடம் கழித்தும் அதே முகவரியில் இருக்கும். பிரதிலிபி என்ற கதைச் செயலியில் தனிச் சிறுகதையாகப் போட்டால் கூட்டத்தில் காணாமல் போகும். அதே கருவை இருபது பாகத் தொடராக விரித்திருந்தால், ஆறாம் பாகத்திலிருந்து ‘அடுத்த எபிசோட் எப்போ?’ என்று கேட்க ஆள் வந்திருக்கும்.

ஆகவே ‘எந்தத் தளம் நல்லது?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வோர் இடத்திடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். உங்களை முன்பின் தெரியாத வாசகரைக் கூட்டி வருவது யார்? அவரை மறுபடி கூப்பிடும் வழி யார் கையில் இருக்கிறது? போன வருடம் எழுதியதை இந்த வருடம் யாராவது படிப்பார்களா? மூன்றுக்கும் நல்ல பதில் வைத்திருக்கும் இடம் இன்றைய தமிழ் இணையத்தில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் பலரும் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எழுதி, எங்கும் வேர் பிடிக்காமல் ஆறு மாதத்தில் களைத்துப் போகிறார்கள்.

இரண்டாவது கேள்வியைப் பலரும் அலட்சியமாகக் கடந்துவிடுவார்கள். 2004-இல் தொடங்கிய தமிழ்மணமும் அதன் பின் வந்த மற்ற திரட்டிகளும்தான் (பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தளங்கள்) அந்தக் காலத்து வலைப்பதிவர்களுக்கு வாசகரை அனுப்பிக்கொண்டிருந்தன. பதிவு போட்டதும் திரட்டியின் முகப்பில் தெரியும், அங்கிருந்து ஆள் வரும். மீதிப் பேர் புதிய பதிவுகளைச் சேர்த்துக் காட்டும் கூகுள் ரீடரில் படித்தார்கள்; அது 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. திரட்டிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நன்றாக எழுதியவர்களிடமும் தங்கள் வாசகர் யார், எங்கே இருக்கிறார், எப்படிக் கூப்பிடுவது என்ற பட்டியல் இல்லை. முகநூலுக்குப் போய் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். இன்று எந்தச் செயலியை நம்பி எழுதினாலும் நிலைமை அதேதான்.

பிரதிலிபி: கூட்டம் அங்கே இருக்கிறது, தொடர்கதைக்கு மட்டும்

பெங்களூரில் 2014-இல் தொடங்கப்பட்ட பிரதிலிபி இன்று தமிழ் உட்படப் பன்னிரண்டு இந்திய மொழிகளில் இயங்குகிறது. முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் சொல்லும் இடம் தமிழில் இல்லை. கதை படிக்கவே செயலியை இறக்கியவர்கள் அங்கே இருக்கிறார்கள். உங்களைப் பின்தொடர்பவருக்கு ஒவ்வொரு பாகம் வெளியானதும் அறிவிப்பு போகும். செலவு எதுவும் இல்லை. வாசகர் சந்தா, நாணயம், ஸ்டிக்கர் என்று சிறு வருமானத்துக்கும் வழி உண்டு.

ஆனால் அங்கே வரும் வாசகர் எதற்காக வருகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். குடும்பக் கதை, காதல், திகில், மர்மம்; இவைதான் ஓடும். அதுவும் தொடராக. கட்டுரை, பயணக் குறிப்பு, நவீன கவிதை எழுதுகிறவர் அங்கே போய் நின்றால் கல்யாண வீட்டில் கணக்கு நோட்டை விரித்த மாதிரிதான்.

தொடர் எழுதுவதென்று முடிவெடுத்தவருக்கு, ஒரு பாகம் 900 முதல் 1,300 சொற்கள் இருந்தால் போதும். பேருந்தில் ஐந்தாறு நிமிடத்தில் படித்து முடிக்கும் அளவு. வாரம் மூன்று பாகம் என்றால் குறித்த மூன்று கிழமைகளில், குறித்த நேரத்தில். முதல் பாகத்தை வெளியிடும் நாளில் கையில் குறைந்தது பத்துப் பாகம் எழுதித் தயாராக இருக்க வேண்டும். புதியவர்களின் தொடர்கள் நிற்பது பெரும்பாலும் எட்டாவது பாகத்துக்கும் பன்னிரண்டாவதுக்கும் இடையில்தான். ஆரம்ப உற்சாகத்தில் எழுதிய சரக்கு தீர்ந்து, வீட்டில் ஒரு காய்ச்சலோ கல்யாணமோ வரும் இடம் அது. ‘யூடி’ (அடுத்த பாகத்தின் வெளியீடு) இரண்டு வாரம் தள்ளிப்போனால் திரும்ப வரும் வாசகர் குறைவு. பாதியில் நிறுத்தும் எழுத்தாளர் என்று பெயர் வாங்கிவிட்டால் அடுத்த தொடரை, ‘முடிந்ததும் சேர்த்துப் படிக்கிறேன்’ என்று ஒதுக்கி வைப்பார்கள். அப்படி ஒதுக்கியது அப்படியே மறந்தும் போகும்.

எண்களைப் படிக்கும்போது முதல் பாகத்தின் எண்ணிக்கையைப் பார்த்து மகிழவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். அதில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர். மூன்றாம் பாகத்திலிருந்து கணக்கிடுங்கள். மூன்றாவதை 400 பேரும் பத்தாவதை 300 பேரும் படித்திருந்தால் கதை பிடித்துக்கொண்டது. பத்தாவதில் 150 என்று பாதிக்கும் கீழே விழுந்தால் கதையின் நடுவில் எங்கோ தொய்வு. நான்கிலிருந்து ஒன்பது வரை எந்தப் பாகத்தில் எண் சட்டென்று சரிகிறது என்று பார்த்தால் இடம் தெரிந்துவிடும். மூன்றாவதே நாற்பது பேரைத் தாண்டவில்லை, ஆனால் அந்த நாற்பதும் கடைசிவரை குறையவில்லை என்றால் கதையில் குறை இல்லை. அட்டை, தலைப்பு, முன்னோட்டம் இவற்றில் கோளாறு. இந்த இரண்டு நோய்க்கும் மருந்து வேறு வேறு. முன்னதற்கு அட்டையை மாற்றுவதும் பின்னதற்குக் கதையைத் திருத்துவதும் வீண் வேலை.

விமர்சனங்களில் நட்சத்திரத்தை எண்ணுவதைவிட வாக்கியங்களைப் படியுங்கள். ‘அருமை, வாழ்த்துகள், என் கதையையும் படியுங்கள்’ என்று எழுதுகிறவர் சக எழுத்தாளர். வாசகர் கணக்கில் சேர்க்காதீர்கள். கதைமாந்தரின் பெயரைச் சொல்லித் திட்டுகிறவர்தான் உண்மையான வாசகர்.

பிரதிலிபியின் பலவீனம் அந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஐயாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் அவர்களுடைய முகவரி உங்களிடம் இல்லை. செயலி தன் முகப்பை மாற்றினால் உங்கள் வரவும் மாறும். அதனால் ஒவ்வொரு தொடரின் கடைசிப் பாகத்திலும் உங்கள் தளமோ வாட்ஸாப் சேனலோ எங்கே இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். கடைசிப் பாகம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: கதையை முடித்த மனநிலையில்தான் வாசகர் இன்னொரு அடி எடுத்து வைப்பார். முதல் பாகத்திலேயே கையை நீட்டினால் யாரும் பிடிக்க மாட்டார்கள்.

கிண்டில்: இரண்டாவது நிறுத்தம்

2016 இறுதியில் அமேசானின் மின்னூல் கடையான கிண்டில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்குத் திறந்தபோது, பதிப்பாளர் வாசலில் நிற்காமல் நூல் கொண்டுவரலாம் என்றானது. அது உண்மைதான். ஆனால் புதியவர் பலர் இங்கேதான் முதல் கடையை விரிக்கிறார்கள், அதுதான் தவறு. கிண்டில் நூலை விற்றுக் கொடுக்கும். பெயர் தெரியாதவரின் நூலைத் தேடிப் பிடித்து யாரிடமும் கொடுக்காது. வாங்கியவர் யார் என்றும் சொல்லாது. ஏற்கெனவே உங்களைத் தேடி ஐந்நூறு பேர் வருகிறார்கள் என்ற நிலையில் போனால் பயன் உண்டு.

இங்கே பண விஷயமும் உரிமை விஷயமும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. இந்தியக் கடையில் 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமானால் ‘கேடிபி செலக்ட்’ என்ற, மின்னூலை அமேசானுக்கு மட்டுமே கொடுக்கும் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். விலையும் அவர்கள் வகுத்த வரம்புக்குள் இருக்க வேண்டும். சேராவிட்டால் 35 சதவீதம். 70 சதவீதத்தில் கோப்பின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகை கழியும். எழுத்து மட்டும் உள்ள நாவலுக்கு அது பொருட்டில்லை, படம் நிறைந்த சமையல் நூலுக்குக் கடிக்கும். செலக்டில் சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கத்துக்கு ஏற்பவும் பணம் வரும், 90 நாளில் ஐந்து நாள் நூலை இலவசமாகக் கொடுக்கவும் அனுமதி உண்டு.

இதற்கு விலை: அந்த 90 நாளும் அந்த எழுத்து மின்வடிவில் வேறு எங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபியிலும் கூடாது, உங்கள் சொந்தத் தளத்திலும் கூடாது. மாதிரிக்காகப் பத்து சதவீதம் வரை வெளியே வைக்கலாம்; சம அளவில் முப்பது பாகம் கொண்ட தொடர் என்றால் மூன்று பாகம். அச்சுப் புத்தகத்துக்கும் ஒலிப்புத்தகத்துக்கும் இந்தத் தடை இல்லை. 90 நாள் முடிந்ததும் திட்டம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் அதற்கு முன்பே அந்தத் தேர்வை எடுத்துவிட வேண்டும். இது தெரியாமல் 91-ஆம் நாள் கதையைத் தளத்தில் மறுபடி ஏற்றி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

ஆக, தொடரை முடித்தவர் முன் இரண்டு வழிகள். ஒன்று, பிரதிலிபியில் இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டு, கிண்டிலில் செலக்ட் இல்லாமல் 35 சதவீதத்துக்கு விற்பது. இரண்டு, முடிந்து ஒரு மாதம் வரை வைத்திருந்துவிட்டு, ‘இந்தத் தேதியோடு எடுக்கிறேன்’ என்று வாசகருக்கு முன்கூட்டியே சொல்லி எடுத்துவிட்டு, செலக்டுக்குப் போவது. தொடர் நாவல் எழுதும் பெண் எழுத்தாளர்கள் பலர் பின்பற்றுவது இரண்டாவது வழிதான். அந்தத் ‘தேதி’ அறிவிப்பே பாதியில் நின்ற வாசகரை வேகமாகப் படித்து முடிக்க வைக்கும். முதல் தொடருக்கு முன்னதே நல்லது என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. முதல் கதை உங்கள் பெயரை ஊருக்குச் சொல்லும் தண்டோரா. அதை எடுத்துக் கிண்டிலுக்குள் பூட்டினால் அடுத்த கதைக்கு வாசகரைக் கூட்டி வர வாசலில் ஒன்றும் இருக்காது. மூன்றாவது நாவலிலிருந்து செலக்ட் கணக்குச் சரியாக வரும்.

எடுப்பதென்றால்: வாசகர் விமர்சனங்களைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அவை கதையோடு போய்விடலாம். எடுத்த பிறகு, கதையில் வேறு யாரும் எழுதியிருக்க முடியாத ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டு கூகுளில் தேடுங்கள். மறந்துபோன பழைய பிரதி எங்காவது இருந்தால் வெளியே வரும். டெலிகிராம் குழுக்களில் சுற்றும் திருட்டுப் பிடிஎஃப் இந்தத் தேடலில் சிக்காது. அதைத் தனியாகத் தேடிப் புகார் செய்ய வேண்டியதுதான். அமேசானிடமிருந்து ‘இந்த எழுத்து வேறிடத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே’ என்று மடல் வந்தால் அவர்கள் குறித்த நாளுக்குள் பதில் அனுப்புங்கள். மடல் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று ஒதுக்கி வைத்தால் நூல் கடையிலிருந்து இறங்கிவிடும்.

கோப்பு ஒருங்குறியில் (யூனிகோடு) இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது கிண்டிலில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றி, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, கொம்பு, துணைக்கால் வரும் இடங்களைக் கண்ணால் சரிபாருங்கள். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுங்கள். கொடுத்தால் அமெரிக்க விற்பனையில் 15 சதவீதம் பிடிப்பார்கள், விட்டால் 30. பணம், விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ அறுபது நாளில் வரும்.

சொந்தத் தளம்: மெதுவாக முளைக்கும், நின்று காய்க்கும்

கட்டுரை எழுதுகிறவருக்கு இதுதான் முதலிடம், மற்றதெல்லாம் பிறகு. காரணம் எளிது. கதையை யாரும் கூகுளில் தேடுவதில்லை. ‘மாவுப்பூச்சிக்கு என்ன மருந்து’ என்று தேடுகிறார்கள். தகவல், விளக்கம், வரலாறு, நூல் அறிமுகம், சமையல், விவசாயம், சட்டம் எழுதுகிறவருக்குத் தேடுபொறியே ஆள் அனுப்பும். ஆனால் உடனே அனுப்பாது. இருபது இருபத்தைந்து கட்டுரை சேரும்வரை, ஆறேழு மாதம், தளம் மயானமாகத்தான் இருக்கும். அந்த அமைதியைத் தாங்க முடியாது என்று தெரிந்தால் இந்த வழியில் இறங்காதீர்கள்.

தளம் அமைக்கப் பிளாகரா வேர்ட்பிரஸ்ஸா என்று வாரக்கணக்கில் குழம்ப வேண்டாம். பிளாகர் இலவசம், கூடத் தளத்துக்கென்று ஒரு சொந்த முகவரிப் பெயரை (டொமைன்) மட்டும் வருடம் ஆயிரம் ரூபாய் அளவில் வாங்கி இணைத்துக்கொண்டால் போதும். நாளை வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறினாலும் அதே பெயர் கூடவே வரும். தனியாகச் சர்வரில் இடம் வாடகைக்கு எடுத்து வேர்ட்பிரஸ் நிறுவுகிறவர்கள் முதல் வருடச் சலுகை விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். இரண்டு மூன்று மடங்கு இருப்பது சாதாரணம். பெயரைப் புதுப்பிக்கத் தவறினால் அதை வேறு யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவார்கள். உங்கள் பழைய இணைப்புகள் எல்லாம் வாசகரை அங்கே கொண்டுபோய் விடும். நாள்காட்டியில் ஒரு மாதம் முன்பே குறித்து வையுங்கள்.

தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இணைப்பு முகவரியில் இருக்கிறது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். ‘மாடித்தோட்டம்’ என்ற ஏழெழுத்துச் சொல் மெய்ப்புள்ளி, துணைக்கால் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று குறியீடு. முகவரியில் 117 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு இருநூறு எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது, எனவே தமிழ்த் தலைப்பு இரண்டாவது மூன்றாவது சொல்லிலேயே வெட்டுப்படும். வாட்ஸாப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட வால் தொங்கும். மோசடி இணைப்போ என்று பயந்து பலர் தொடமாட்டார்கள். பிளாகரோ தமிழ்த் தலைப்பை எடுத்துக்கொள்ளவே செய்யாது, ‘பிளாக்-போஸ்ட்’ என்று பொதுப்பெயரும் ஓர் எண்ணும் வைத்துவிடும். இரண்டிலும் தீர்வு ஒன்றுதான்: வெளியிடும் முன்பே முகவரியை ஆங்கில எழுத்தில், மூன்று நான்கு சொல்லில், நீங்களே எழுதிக் கொடுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடும் பெருங்கூட்டத்துக்கும் அது ஒரு பிடி கொடுக்கும். வெளியிட்ட பிறகு மாற்றினால் அதற்குள் பகிர்ந்த இணைப்புகள் அறுந்துபோகலாம்.

தலைப்பில் வாசகர் வாயில் வரும் சொல் இருக்க வேண்டும். ‘இல்லத்தின் மேல்தளத்தில் பசுமை’ என்ற தலைப்பு அழகாக இருக்கலாம், யாரும் அப்படித் தேட மாட்டார்கள். கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ இலவசம். முதல் நாளே இணைத்துவிட்டு மூன்றாம் மாதம் திறந்து பாருங்கள். எந்தச் சொல்லைத் தேடி உங்கள் பக்கம் கண்ணில் பட்டது என்று பட்டியல் வரும். கண்ணில் பட்டும் சொடுக்கப்படாத சொற்கள்தான் உங்கள் அடுத்த ஐந்து கட்டுரைகள்.

விளம்பர வருமானம் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழுக்கு உண்டு. புதிய தளத்துக்கு அது தேநீர்ச் செலவுக்குக் காணாது. முதல் வருடம் போடாமல் இருந்தால் பக்கமாவது சுத்தமாக இருக்கும்.

முகநூலும் வாட்ஸாப்பும்

முகநூலை வீடாக நினைத்தால் ஏமாற்றம், திண்ணையாக நினைத்தால் லாபம். தமிழில் பதிப்பாளர், இதழாசிரியர், விமர்சகர், சக எழுத்தாளர் எல்லாரும் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பதிவில் நீங்கள் எழுதும் ஒரு நல்ல பின்னூட்டம், உங்கள் சுவரில் எழுதும் பத்துப் பதிவுக்குச் சமம். நட்பு வட்டம் ஐயாயிரத்தோடு நின்றுவிடும். ஆகவே தொடக்கத்திலேயே பின்தொடரும் வசதியைத் திறந்து, பதிவுகளைப் பொதுவில் வையுங்கள். முதல் இரண்டு மூன்று வரியில் விஷயம் தொடங்கியிருக்க வேண்டும். ‘மேலும் காண்க’ அதற்குக் கீழேதான் விழும். வணக்கமும் முன்னுரையும் அங்கே இடத்தைத் தின்றுவிட்டால் மேலே சொடுக்க ஆள் இருக்காது. வெறும் இணைப்பை ஒட்டிவிட்டுப் போகாமல், கட்டுரையின் சாரமான ஒரு பத்தியை அங்கேயே முழுதாகக் கொடுத்து, இணைப்பைக் கீழே வையுங்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து சென்னைப் புத்தகக் காட்சி முடியும்வரை தமிழ் முகநூல் முழுக்கப் புத்தக அட்டைகளாக ஓடும். அந்த மூன்று நான்கு வாரத்தில் புதியவரின் முதல் தொடரை அறிமுகப்படுத்துவது திருவிழாக் கூட்டத்தில் ரகசியம் பேசுவது போல. பிப்ரவரிக்குத் தள்ளி வையுங்கள்.

எழுதியதன் பிரதியைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளாமல் நேரடியாக முகநூலில் அடிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். கணக்கு முடங்கினால் எழுத்தும் போகும்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது கூப்பிடும் வழிக்கு, தமிழ் வாசகரிடத்தில் வாட்ஸாப்பே சிறந்தது. ஆனால் அதற்குள்ளேயே மூன்று வகை, குழப்பிக்கொள்ளக் கூடாது. குழு: 1,024 பேர் வரை சேரலாம், எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண் எழுத்தாளர்கள் வாசகர் குழு தொடங்கி, நள்ளிரவு அழைப்புகளால் எண்ணையே மாற்ற வேண்டிவருவது இதனால்தான். மேலும் குழு பத்தே நாளில் காலை வணக்கப் படங்களின் கிடங்காகிவிடும். ஒலிபரப்புப் பட்டியல்: 256 பேர், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். சேனல்: இந்தியாவில் 2023 செப்டம்பரில் வந்தது, பின்தொடர்பவருக்கு உங்கள் எண் தெரியாது, அவர்கள் எண் ஒருவருக்கொருவர் தெரியாது, வரம்பும் இல்லை. புதிய எழுத்தாளருக்குச் சேனல்தான். வாரம் இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். அளவு தாண்டினால் வாசகர் வெளியேறக்கூட மாட்டார், சத்தமில்லாமல் திறக்காமலே விட்டுவிடுவார். உங்கள் எண்ணிக்கை குறையாது, படிப்பவர் மட்டும் குறைவார்கள்.

சேனலிலும் பட்டியல் முழுதாக உங்களுடையதில்லை. அது வாட்ஸாப்பை நடத்தும் மெட்டாவின் இடம். முழுதாக உங்களுடையது மின்னஞ்சல் பட்டியல் ஒன்றே. சப்ஸ்டாக் போன்ற மின்மடல் தளத்தில் இலவசமாகத் தொடங்கலாம், பட்டியலை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு போகலாம். கட்டணச் சந்தா வைத்தால் அவர்கள் பத்து சதவீதம் எடுப்பார்கள்; பணம் ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவை வழியாக வர வேண்டும், இந்தியாவிலிருந்து புதிதாக ஸ்ட்ரைப் கணக்குத் திறப்பது எளிதல்ல என்பதால் அந்த ஆசையை இப்போதைக்கு ஒத்திப்போடலாம். தமிழ்நாட்டு வாசகர் மின்னஞ்சலை வங்கிச் செய்திக்கு மட்டுமே திறக்கிறார் என்பதும் உண்மை. கனடா, ஐரோப்பா, சிங்கப்பூர்த் தமிழரிடையே நிலைமை கொஞ்சம் மேல். ஒரு தொழில்நுட்பக் குறிப்பு: ஜிமெயில் 102 கேபிக்கு மேற்பட்ட மடலை நடுவில் வெட்டிவிடும். தமிழின் ஒரு குறியீடு மூன்று பைட் பிடிக்கும். சொல்லுக்குச் சராசரி 25 பைட் என்று வைத்தால் 3,000 சொல்லே 75 கேபி ஆகிவிடும், வடிவமைப்புக் குறிகள் வேறு. 2,500 சொல்லைத் தாண்டும் கட்டுரையின் முதல் பகுதியை மட்டும் மடலில் அனுப்பி, மீதியைத் தளத்தில் படிக்கச் சொல்லுங்கள்.

இலக்கியச் சிறுகதை எழுதுகிறவருக்கு

மேலே சொன்ன எதுவும் முதல் இடமல்ல. சொல்வனம், வல்லினம், கனலி போன்ற இணைய இதழ்களுக்கு அனுப்புங்கள். கூட்டம் சிறியது, ஆனால் அடுத்த நூலைப் பதிப்பிக்கப் போகிறவரும் விமர்சனம் எழுதப் போகிறவரும் அந்தச் சிறிய கூட்டத்தில் இருக்கிறார்கள். தேர்வும் திருத்தமும் வேறு எந்தத் தளமும் தராதவை. நிபந்தனை பெரும்பாலும் ஒன்றுதான்: வேறெங்கும் வெளிவராத படைப்பு. முகநூலில் ‘நண்பர்களுக்காக’ போட்டதும் வெளிவந்ததாகவே கணக்கு. ஒரே கதையை இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். இரண்டு மாதம் பொறுத்து, ஒரு வரியில் கேட்டு, பதில் இல்லையென்றால் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டு அடுத்த இதழுக்குப் போங்கள். வெளிவந்ததும் இணைப்பை உங்கள் தளத்தில் ஒரே பக்கத்தில் தொகுத்து வாருங்கள். பத்துக் கதை சேர்ந்தால் அந்தப் பக்கமே உங்கள் அறிமுகக் கடிதம்.

கவிதைக்கு இன்ஸ்டாகிராம் அட்டை உதவும். பெயரை அடியில் போட்டால் வெட்டிவிட்டுப் பகிர்வார்கள். கடைசி வரிக்குப் பக்கத்திலேயே சின்னதாகப் போடுங்கள். எக்ஸ் தளத்தில் 280 எழுத்து என்பது தமிழுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து முப்பது சொல்தான், ‘கி’ ஒன்றே இரண்டாகக் கணக்காகும். யூடியூபில் ஒலிநாவல் கேட்கும் கூட்டம் பெரிது. நீங்களே வாசிப்பதென்றால் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஏற்கெனவே ஓடும் ஒலிநாவல் சேனல் உங்கள் கதையைக் கேட்டால், ஒலி உரிமை மட்டும், இத்தனை வருடத்துக்கு மட்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். ‘முழு உரிமை’ என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் நாளைக்குக் கிண்டிலும் அச்சும் அதற்குள் போய்விடும்.

எந்த இடத்தில் தொடங்கினாலும், தொடங்குவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நினைத்து வைத்த புனைபெயரை பிரதிலிபி, கிண்டில், முகநூல், கூகுள் நான்கிலும் தேடிப் பாருங்கள். வெறும் ‘ப்ரியா’ என்றோ ‘கார்த்திக்’ என்றோ வைத்தால் உங்களைத் தேடி வருகிறவர் வேறு நூறு பேர் வாசலில் நிற்பார். தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல், எல்லா இடத்திலும் ஒரே படம். கிண்டிலில் வங்கிக் கணக்கும் வரிப் படிவமும் சட்டப்படியான பெயரில் இருந்தாலும் அட்டையில் புனைபெயர் இருக்கலாம்; அதற்காக ஆதார்ப் பெயரில் எழுதத் தேவையில்லை.